சாமி அலமாரியில் ஒரு ஓட்டை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு முழங்கால் வலியில் தொடங்கிச் சர்க்கரை மாத்திரையில் வந்து நிற்கிறது. இன்றைக்கு அதை விடுவோம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஏழு மாதம் நாங்கள் சக்கரம் வைத்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். அதைச் சொல்கிறேன். சொல்லத் தொடங்கினால் இப்போதும் என்னால் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடிவதில்லை. எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்வேன். என் பேத்திகள் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்துகூட அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அப்போது செங்கம் ரோட்டில், மலை சுற்றும் பாதையில், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு வருடமாகத் தங்கியிருந்தார்கள். தங்கள் நாட்டிலிருந்து தரை வழியாகவே வேன் ஓட்டி வந்தவர்கள். வேனுக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டையும் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். வேன் மக்கர் செய்தால் அப்பாதான் பார்ப்பார். அவர்கள் விமானத்தில் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. வேனை மெட்ராஸில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். குட்டி வீட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் அதன் சாவியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்துக் கும்பிட்டாளாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு அவள் பாஷை தெரியாது. அதனால் வீட்டுக்குள் எது எதற்கு என்று அவள் சொல்லவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை. பின்னால் நடந்ததெல்லாம் அதனால் வந்ததுதான்.

அப்பா லேத்தில் ஒரு கொக்கி கடைந்து, தெரிந்தவர் ஒருவரின் டிராக்டரில் குட்டி வீட்டை மாட்டினார். அண்ணனும் நானும் உள்ளே ஏறிக்கொண்டோம். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. செங்கம் ரோட்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் ஒரு மைல்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு மைலுக்கு மலை எங்கள் ஜன்னலுக்குள் நடந்து வந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அலமாரிக் கதவுகள் திறந்து மூடின. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். நான் ராணி மாதிரி கையை அசைத்தேன். அண்ணன் என்னை இழுத்துத் தள்ளிவிட்டு அவன் அசைத்தான்.

எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்து மெத்தை வீடாகக் கட்ட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. வீடு கட்டும்போது எங்கே போய்த் தங்குவது என்பதுதான் இடிக்காமல் வைத்திருந்த காரணம். இப்போது தங்க இடம் வந்துவிட்டது.

"மழைக்கு முன்னாடி தளம் போட்டுக் குடுத்துடறேன், ரெண்டே மாசம்" என்றார் மேஸ்திரி. ஆவணி மாதத்தில் ஓட்டைப் பிரித்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சுவர் இடுப்பளவில் நின்றது. பெரியவர்கள் எவ்வளவு நம்பிக்கையோடு தப்புக் கணக்குப் போடுவார்கள் என்பதை நான் முதலில் கண்டது அந்தச் சுவரில்தான்.

வீட்டை ஒட்டிய காலி மனையில் வண்டியை நிறுத்தினோம். தெருவில் அதற்கு 'பொட்டி' என்று பெயர் வந்தது. நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

பொட்டியின் ஜன்னல்களைச் சொல்ல வேண்டும். நமக்கு ஜன்னல் என்றால் கம்பி. அதில் கம்பியே இல்லை. கண்ணாடியைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் பலகை, மேல்பக்கம் கீல். கீழ்ப்பக்கத்தைத் தள்ளி ஒரு திருகை முடுக்கினால் வெளியே தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். மழை கொட்டும்போதும் திறந்தே வைத்திருக்கலாம், ஒரு சொட்டு உள்ளே வராது. அந்தத் தாழ்வாரத்துக்கு அடியில் தலையை நீட்டி, நனையாமல் மழைக்குள் இருப்பதைப் போல ஒரு சுகம் எனக்கு அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை.

"கம்பி வச்சு வெல்டிங் அடிச்சிடறேன். திருடன் வந்தா இன்னா பண்றது" என்று அப்பா முதல் நாளே சொன்னார்.

அம்மா பெரிய ஜன்னலைத் தள்ளித் திறந்து, தோள் வரைக்கும் வெளியே நீட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, "கம்பி வேணாங்க" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். மூலையில் கைகழுவ ஒரு குட்டித் தொட்டி. கீழே தரையில் ரப்பர் மிதி. காலால் மிதித்தால் குழாயில் தண்ணீர் பீச்சும். அண்ணனும் நானும் முதல் நாள் மிதித்த மிதியில் அம்மா நிரப்பி வைத்த கேன் அரை மணியில் காலி. ஆனால் தொட்டியில் விழுந்த தண்ணீர் இறங்கவில்லை. அப்படியே நின்றது. மேஸ்திரி தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்துப் பார்த்தார்.

"பொட்டி மூக்கு தூக்கிட்டு நிக்குது. பின்பக்கம் வாட்டம் ஜாஸ்தி. தண்ணி எப்படி போவும்?"

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் அடுக்கி, ஒவ்வொரு செங்கல்லாக ஏற்றி இறக்கி மட்டம் பார்த்தார்கள். நான் உள்ளே தொட்டியருகே நின்று, "போவுது", "நின்னுடுச்சு", "போவுது" என்று ஜன்னல் வழியாகக் கத்தும் வேலையைச் செய்தேன். கடைசியில் 'களக்' என்று ஒரு சத்தத்தோடு தண்ணீர் மொத்தமும் இறங்கி, அடிக்குழாய் வழியாக வெளியே போய் விழுந்தது. நான் குதித்த குதியில் மட்டம் மறுபடி போயிற்று.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய அலமாரி இருந்தது. தனிக் கதவு, உள்தாழ்ப்பாள். தரை முழுக்க வெள்ளைத் தட்டு. நடுவில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. அலமாரிக்குள் தாழ்ப்பாள் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. அம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

"இது சாமிக்குன்னே வச்ச மாதிரி இருக்குது. அபிஷேகம் பண்ணா தண்ணி தன்னால போயிடும் பாரு."

வெள்ளைக்காரர்களுக்கும் பக்தி இருக்கத்தான் செய்கிறது என்று அப்பா சொன்னார். அம்மா படங்களை மாட்டி, விளக்கு வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் சின்ன லிங்கத்துக்கு அபிஷேகம் செய்தாள். பாலும் தண்ணீரும் ஓட்டையில் சுழித்துக்கொண்டு இறங்கின. தெருப் பெண்கள் வந்து பார்த்து, தங்கள் வீட்டில் இப்படி ஒரு வசதி இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்கள். அதே அலமாரியில் முதலில் மூடி போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. உட்காரத் தோதான உயரம். அப்பா அதைக் கழுவித் துடைத்துக் கடைக்குக் கொண்டுபோய், வருகிறவர்கள் உட்காரப் போட்டார். 'வெள்ளைக்காரன் ஸ்டூல்' என்று அதற்குக் கடையில் தனி மரியாதை. பெரிய மனிதர்கள் வந்தால்தான் அதை நகர்த்திப் போடுவார்.

படுக்கை ஏற்பாடு இப்படி. நடுவில் இருந்த மேஜையை இறக்கினால் இரண்டு பக்கத்துப் பெஞ்சுக்கும் மட்டமாக வந்து, மூன்றும் சேர்ந்து ஒரே கட்டிலாகிவிடும். அதில் அம்மாவும் அண்ணனும். அதற்கு மேலே சுவருக்குச் சுவர் இரண்டு கழியைச் செருகினால், நடுவில் கான்வாஸ் துணி விரிந்து ஒரு தொட்டில். அது எனக்கு. புரண்டால் மூக்கு கூரையில் உரசும். கூரையில் கையகலத்துக்கு ஒரு காற்றுத் திறப்பு. அதன் வழியாக வானத்தில் ஒரு துண்டு எனக்கு மட்டும். அப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில், தார்ப்பாய்க்கு அடியில். மழைக்காலம் வந்ததும் அவர் கடையிலேயே படுத்துக்கொண்டார்.

இந்தக் கட்டிலால்தான் அந்த ரகசியம் எங்களுக்குக் கிடைத்தது. ஒரு நாள் பெஞ்சு மெத்தையைத் தூக்கியபோது அடியில் ஒரு மெல்லிய புத்தகம். எழுத்து புரியவில்லை. படம் புரிந்தது. பொட்டியை நெடுக வெட்டி உள்ளே காட்டுவது போல ஒரு படம். இதோ கட்டில், இதோ தொட்டி, இதோ என் தொட்டில். அம்மாவின் சாமி அலமாரி இருந்த இடத்தில் மூடியைத் திறந்துவைத்த வெள்ளை ஸ்டூல். மூடிக்கு அடியில் வட்டமாக ஓட்டை. அடுத்த படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் புத்தகத்தை மூடினான். மறுபடி திறந்தான்.

"சொல்லாத. அம்மா உயிரை விட்டுடும். அப்பா கடையில யார் யாரு அதுமேல உக்காந்திருக்காங்க தெரியுமா? பஞ்சாயத்துத் தலைவர் உக்காந்திருக்காரு" என்றான்.

என் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். சிரிப்பை அடக்க முடியாமல் நாங்கள் தலையணையைக் கடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை அபிஷேகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே மாட்டோம்.

ஐப்பசி கடைசியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. தலைப் பிரசவம். தாய் தகப்பன் இல்லாதவள் என்பதால் அண்ணன் வீடுதான் தாய்வீடு. அந்த வீட்டுக்குச் சுவர்தான் இருந்தது. ஆனாலும் அம்மா ஆரத்தி எடுத்து அவளைப் பொட்டிக்குள் அழைத்துப்போனாள். கட்டில் அத்தைக்கும் எனக்குமானது. அம்மா கதவோரம் தரையில். அண்ணன் என் தொட்டிலுக்கு ஏறினான். அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டு, ராத்திரியெல்லாம் அம்மாவின் கூந்தல் எண்ணெய் பாட்டிலைத் தட்டிவிடும்.

அத்தை வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரே குடிக்கவில்லை. அம்மாவுக்கு மனத்தாங்கல்.

"என்னாங்க, உங்க தங்கச்சிக்கு ரோஷம். பொட்டியில படுக்க வச்சிட்டோம்னு பச்சத் தண்ணி பல்லுல படாம கெடக்குது. நான் என்னா, வேணும்னா பண்றேன்?"

"சின்னப் பொண்ணு, விடு" என்றார் அப்பா.

எனக்குத் தெரியும், அது ரோஷமில்லை. பக்கத்தில் படுப்பவள் நான். அம்மா கொடுக்கும் தம்ளரை வாங்கி ஒரு மடக்கு குடிப்பாள். அம்மா திரும்பியதும் மீதியை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிவிடுவாள். "ஏன் அத்தை ஊத்தற?" என்று ஒரு நாள் கேட்டேன். "கீழ செடி இருக்குதுல்ல, அதுக்குத் தாகம்" என்றாள். கீழே மேஸ்திரியின் மணல் குவியல்தான் இருந்தது.

உங்களில் பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன் ஒரு தரம், இருட்டிய பிறகு ஒரு தரம் ஏரிக்கரை வேலிகாத்தான் புதருக்குப் போவார்கள். நடுவில் என்ன வந்தாலும் அடக்க வேண்டியதுதான். எட்டு மாத வயிற்றோடு மழைச் சேற்றில் அவ்வளவு தூரம் நடக்க அத்தையால் முடியவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. குடிக்காமல் இருந்துவிட்டால் போக வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

கார்த்திகை தீபம் வந்தது. ஊருக்குள் ஜனம் வெள்ளமாக இறங்கியது. நான்கு நாள் முன்னாலேயே ஏரிக்கரையெல்லாம் மாட்டுவண்டியும் அடுப்பும் கூட்டமும். விடியற்காலையில் போன பெண்களே பாதி வழியில் திரும்பி வந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஆள். தீபத்தன்று காலையிலிருந்து அத்தை ஒரு சொட்டும் குடிக்கவில்லை. எனக்கோ அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரிய ஜன்னலிலிருந்து மலை உச்சி நேராகத் தெரியும். கட்டில்மேல் நின்றபடியே தீபம் பார்க்கலாம். தெருவில் யாருக்கும் இல்லாத வசதி. அம்மா சாமி அலமாரி முழுக்க அகல்களை ஏற்றினாள். அப்பா கோயில் பக்கம் ஒரு ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார்.

ஐந்து மணி இருக்கும். அத்தை எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். என் தோளைப் பிடித்தாள். பிடி நழுவியது. அப்படியே கட்டிலில் சரிந்து விழுந்தாள்.

அம்மா அலறவில்லை. "நர்ஸம்மாவைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள். தெருக்கோடியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் குடியிருந்தார். தீபத்துக்காகப் பட்டுப்புடவை கட்டி நின்றவர் அப்படியே ஓடிவந்தார். அத்தையின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார்.

"நாக்கு காய்ஞ்ச தோல் மாதிரி கெடக்குது. இன்னிக்கு எத்தினி டம்ளர் தண்ணி குடிச்ச?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது.

"கேக்கறேன் இல்ல. ஒண்ணுக்குப் போனா எரியுதா? எப்ப போன?"

"நேத்து" என்றாள் அத்தை. பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "குடிச்சா போவணும் அண்ணி. எங்க போவறது? எல்லா எடத்துலயும் ஜனம் நிக்குது."

"இப்படியே விட்டா கொழந்தைக்கு ஆவாது. இப்பவே குடிக்கணும், இப்பவே போவணும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்னா தெருவுல கால் வைக்க எடமில்ல" என்றார் நர்ஸம்மா.

அம்மா அத்தையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இருபது நாளாக ரோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்த முகம் என்னவோ ஆகிவிட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்றா, சொல்லு என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சொல்லிவிட்டேன்.

"அம்மா, சாமி அலமாரி கக்கூஸு."

பெஞ்சுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பிரித்துக் காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த அகல்களைப் பார்த்தாள். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த ஸ்டூலு கடையிலதான இருக்குது?"

"ஆமாம்மா."

"சாவி ஆணியில தொங்குது. ஓடுங்க."

ஓடினோம். அந்த ஓட்டத்தை நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சலிக்காது. மலை சுற்றுகிற கூட்டம் முழுவதும் கோயில் பக்கமிருந்து எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதற்குள் எதிர்நீச்சல். தலைக்கு மேல் தலை, தோளில் குழந்தைகள், கற்பூரப் புகை, பொரி வாசனை, ஈர வேட்டிகள். "எங்க போறீங்க, மலை அந்தாண்ட" என்று யாரோ எங்களைத் திருப்பிவிடப் பார்த்தார்கள். அண்ணன் என் கையை விடவில்லை. கடையைத் திறந்து, ஸ்டூலைத் தூக்கினோம். கனமில்லை, ஆனால் பெரிது. அண்ணன் தலையில் வைத்துக்கொண்டான். நான் முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினேன்.

ஜனம் வழி விட்டது. தீபத்தன்று தலையில் வெள்ளையாக ஒரு பெட்டியைத் தாங்கிக்கொண்டு ஒரு பையன் வந்தால் அது கோயில் சம்பந்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். வயதான ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். பாதி வழியில் திடீரென்று கூட்டம் நின்றது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். உச்சியில் முதலில் ஒரு பொட்டு, பிறகு ஒரு நாக்கு, பிறகு மலையே விழித்துக்கொண்டது போல ஒரு சுடர். அரோகரா என்று ஊரே எழுப்பிய ஓசை என் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. லட்சம் கைகள் மேலே போயின. அண்ணன் கைகள் மட்டும் ஸ்டூலைப் பிடித்திருந்தன.

"எனக்கும் சேர்த்துக் கும்புடு" என்றான். கும்பிட்டேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அலமாரி காலியாக இருந்தது. லிங்கமும் படங்களும் பெரிய ஜன்னலோரம் வரிசையாக, மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அகல்கள் அவற்றின் முன்னால்.

"வெளக்கு எரியறப்பவே எடத்த மாத்திட்டியேம்மா" என்றார் நர்ஸம்மா.

"சாமிக்கும் வெளிய பாக்கணும்னு இருக்கும்" என்றாள் அம்மா. ஸ்டூலை வாங்கி அலமாரிக்குள் வைத்து, மூடியைத் திறந்து, அடியில் இருந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அத்தையைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் எல்லாரும் வெளியே வந்து, பொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தீபத்தைப் பார்த்து நின்றோம்.  கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பலகை தள்ளித் திறந்தது.

"அண்ணி, தண்ணி குடுங்க."

உப்பும் சர்க்கரையும் போட்டு இரண்டு செம்பு குடித்தாள். மறுநாள் அம்மா கொடுத்த கூழைக் கேட்டு வாங்கி இரண்டாம் தரம் குடித்தாள்.

அப்பா வந்து விஷயம் கேட்டதும் யார் யார் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்கள் என்று விரல் விட்டுச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் தங்கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டார். அலமாரித் தரையை அறுத்து, ஒரு சிமென்ட் கக்கூஸ் கோப்பையைப் பதித்து, வாட்டம் பார்த்துக் குழாய் விட்டு, மனையின் மூலையில் உறை இறக்கிக் குழி எடுத்தார்கள். இந்தத் தரம் நான் "போவுது" என்று கத்த வேண்டியிருக்கவில்லை. முதல் வாளியிலேயே போயிற்று.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பகல் நேரத்தில் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே அண்ணாந்து குடித்ததைப் பார்த்தேன். அதுவரை அவளுக்குத் தாகமே எடுக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வந்து பதினாலு வருடம் அவளும் அத்தையைப் போலத்தான் இருந்திருக்கிறாள் என்பது எனக்கே கல்யாணமான பிறகுதான் உறைத்தது.

மார்கழியில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பொட்டிக்குத்தான் வந்தது. என் கான்வாஸ் தொட்டில் அதற்குப் போயிற்று. குளிப்பாட்டும் தண்ணீர் தொட்டியிலிருந்து 'களக்' என்று இறங்கும்போதெல்லாம் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அந்தத் திசையில் கண்ணைத் திருப்பும். அந்தச் சத்தத்துக்காகவே நான் மிதித்து மிதித்துத் தண்ணீர் விடுவேன்.

மாசியில் வீடு முடிந்தது. அதில் அம்மா சொன்ன இடத்தில் மேஸ்திரி ஒரு கக்கூஸும் கட்டியிருந்தார். பங்குனியில் மாமா அத்தையை அழைத்துப்போக வந்தார். அத்தையின் டிரங்குப் பெட்டி திறந்தே கிடந்தது. அவள் துணிகளை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். ஏன் என்று மாமாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை. அம்மா மாமாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க ஊர்ல டிராக்டர் யார்கிட்ட இருக்குதுங்க?"

"பெரியப்பா வூட்ல இருக்குது. ஏன்?"

"பொட்டியக் கட்டி இழுத்துட்டுப் போங்க. உங்க பொண்ணுக்குச் சீர்."

அண்ணனும் நானும் அழுதோம். ஒரு முழுப் பகல் அழுதோம். கடைசியில் ஊர் வரைக்கும் பொட்டிக்குள்ளேயே நாங்களும் போகலாம் என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தோம். மறு வாரம் டிராக்டர் வந்தது. மாமா டிரைவருக்குப் பக்கத்தில் வெட்கத்தோடு உட்கார்ந்தார். அப்பா பின்னால் சைக்கிளில் வந்தார். அத்தை குழந்தையோடு பெரிய ஜன்னலில். ரோட்டோரம் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். அத்தை குழந்தையின் கையைப் பிடித்து அவர்களுக்கு ஆட்டிக் காட்டினாள். இரண்டு மணி நேரம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு ரயிலேறினேன், விமானமேறினேன். அந்த இரண்டு மணிக்கு ஈடில்லை.

அத்தையின் மாமியார் ஊரே பயப்படும் மனுஷி. வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, பொட்டி வந்து நிற்பதைப் பார்த்தார்.

"என்னா இது, சர்க்கஸா?"

 குழந்தையை வாங்கிக்கொண்டார், முத்தம் கொடுத்தார், திருப்பிக் கொடுத்தார். அப்பாவும் மாமாவும் தோட்டத்துப் பக்கம் பொட்டியை நிறுத்தி, மதியம் முழுக்கக் குழி வெட்டினார்கள். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். குழாய் மாட்டி முடிந்ததும் அத்தையிடம் போய் அலமாரிக் கதவைத் தொட்டு ஏதோ கேட்டார். அத்தை காதோடு சொன்னாள். அவர் மகனைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரோடு படி ஏறிப் பொட்டிக்குள் போனார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வேலை செய்துகொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் திடீரென்று வேலையில்லாதவர்கள் ஆனார்கள். மாமா மண்வெட்டியைத் துடைத்தார். அப்பா சைக்கிள் செயினைப் பார்த்தார். நானும் அண்ணனும் குழாயருகே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கள் காலடியில், புதுக் குழாய்க்குள், தண்ணீர் தடதடவென்று ஓடியது.

கதவு திறந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படியில் நின்றபடியே தெருப்பக்கம் திரும்பி, வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஓரகத்தியை நிதானமாகக் கூப்பிட்டார்.

"நீயும் ஒரு வாளி தண்ணி எடுத்தாந்து போய்ட்டு வாடி. தாழ்ப்பா நல்லா விழுது."